சோலைராசுவின் வெள்ளை ஷூ

சனிக்கிழமைதோறும் கணவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, அவன் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்பதையும் வடிவு ஒருமுறை பார்த்துவிடுவாள்.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உச்சியில் எண்ணெயை வைத்துத் தட்டி, விரல்களை அப்படியே பின்னந்தலை வழியாக இறக்கினால், இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், உளுந்தம்பருப்பு அளவில் ஒரு மேடு தட்டுப்படும். வடிவு கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை வைப்பாள். இளஞ்சூடாக இருந்தால் எல்லாம் நலம். சில்லென்று இருந்தால் எண்ணெயைக்கூடக் கழுவாமல் மீட்பகத்துக்கு ஓட வேண்டும். அது ஒருநாளும் சில்லிட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் விரல் அங்கே போய்ச் சேரும்வரை அவள் மூச்சை நிறுத்தித்தான் வைத்திருப்பாள்.

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் எள் விளையாது. பாசித் தொட்டியில் பிழிந்த எண்ணெயில் எள்ளின் வாசனையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தரைக்கு மேலே ஒரு பகல் முடியப் பூமிக் கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இருந்தாலும், பனிப்பாறைக்கு அடியில் குடைந்த அந்த நகரத்தில் ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்ற கணக்கு மட்டும் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை வடிவுக்குக் குலசேகரன் தேய்த்துவிடுவான். அவனே கேட்டு எடுத்துக்கொண்ட வேலை அது. எந்த ஊர் ஆம்பிளை பொண்டாட்டி தலையில் எண்ணெய் வைக்கிறான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்கள். வடிவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்றாம் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்கு வடிவு காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். சுரங்க வண்டியில் இருந்தவன் குலசேகரன். உடம்பை மீட்பகத்தில் வளர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதொன்றும் பெரிய காரியமில்லை. நினைவுதான் பாதி வெந்துபோயிருந்தது. வெந்த பாதியை அலுவலகப் பதிவுகள், பழைய படங்கள், வீட்டுப் பொருள்கள், வடிவு சொன்ன கதைகள் எல்லாவற்றிலிருந்தும் நூல் எடுத்து நெய்து சேர்த்தார்கள். பழையதையும் நெய்ததையும் இணைத்துப் பிடித்திருக்கும் முடிச்சுதான் அந்த உளுந்தம்பருப்பு. மீட்கப்பட்டவரின் விரலுக்கு அது ஒருபோதும் தட்டுப்படாது. மூக்கு எந்நேரமும் கண்முன்னால் இருந்தும் நமக்குத் தெரியாமல் போகிறதே, அதுபோல மூளை அதை ஒதுக்கிவிடும்படி அமைத்திருந்தார்கள்.

ஏனென்றால் மீட்கப்பட்டவருக்கு அது தெரியக் கூடாது. தொடக்கத்தில் சிலருக்குச் சொல்லிப் பார்த்தார்கள். எது என்னுடையது, எது நெய்தது என்று அவர்கள் ஒவ்வொரு நினைவாக இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நூலை இழுத்தால் துணி நிற்குமா? சில வாரங்களில் அவர்களிடம் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. அதைப் 'பிரிந்துபோதல்' என்றார்கள். அதன்பிறகு மௌனச் சட்டம் வந்தது. மீட்கப்பட்டவரிடம் உண்மையைச் சொல்வது கொலைக்குச் சமம்.

மீட்பகத்தின் ஆலோசகி ரெஜினா வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"வீட்ல ஒருத்தர் முழுசா இருந்தாப் போதும்மா. அந்த ஒருத்தர் நீங்க. அதை மட்டும் மறந்துராதீங்க."

"அவரு மாறியிருந்தார்னா?"

"மாறித்தான் இருப்பாரு. நீங்க அனுசரிச்சுப் போயிருங்க. பூமியில அறுபது வருஷம் சேர்ந்து இருந்த ஜோடிகளைத் தனித்தனியா உக்கார வச்சுக் கேட்டாங்களாம், உங்க வீட்ல யாரு அனுசரிச்சுப் போனதுன்னு. அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்களாம்."

"என்ன பதில்?"

ரெஜினா சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. "நாங்க அதை வச்சுத்தான் பாடமே படிச்சுக்கிட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வடிவு அனுசரித்துப் போகிறாள். சர்க்கரை போடாமல் டீ குடித்தவன் இப்போது இரண்டு கரண்டி கேட்கிறான். பாவம், நெய்தவர்கள் விட்டுவிட்டது என்று போட்டுக் கொடுக்கிறாள். அவளுடைய சித்தி பெயரை மறந்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கிறான். அவளே பெயரை எடுத்துக் கொடுக்கிறாள். சண்டை முற்றும்போது, 'நீங்க நீங்களே இல்ல' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள். நல்லவேளையாக அவனும் சண்டையின் உச்சியில் எதையோ விழுங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான். பழைய குலசேகரன் அப்படி விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. இதுவும் நெய்தவர்கள் செய்த நல்லது என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் அந்த வீட்டில் நான்கு சுவர்கள் போக ஐந்தாவதாக ஒரு சுவர் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும். எந்தப் பேச்சும் ஏதோ ஓர் இடத்தில் அதில் போய் முட்டும். அப்படி முட்டும்போது அவள் பேச்சைத் திருப்பிக்கொண்டு வருவாள். முழுசாக இருப்பவள் என்பது ஒரு காவல்காரியின் வேலை என்பதை ரெஜினா சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் மேடு சூடாகத்தான் இருந்தது. நிறுத்திவைத்த மூச்சை வடிவு விட்டபோது குலசேகரன் சொன்னான்.

"வடிவு, ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"தலையை ஆட்டாதீங்க. கண்ணுல இறங்கிரும்."

"சோலைராசுவை வித்துரலாம்னு பாக்குறேன்."

அவள் விரல்கள் நின்றன.

"எதுக்கு?"

"மேலடுக்குல ஒரு ஜன்னல் வீடு காலியாகுது. பூமிப் பொருள் குடுக்கிறவங்களுக்குத்தான் மாத்திக் குடுப்பாங்களாம். அதுவும் ஏலக்கூடம் வழியாத்தான். சோலைராசு ஒருத்தர் போதும், நமக்கு ஜன்னல் கிடைச்சிரும்."

"யாரு கேட்டா ஜன்னலை?"

"நீதான். மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு தூக்கத்துல பொலம்புற."

"தூக்கத்துல சொன்னதுக்கெல்லாம் வீடு மாத்துவாங்களாக்கும். வெள்ளை ஷூ போடாதீங்க. உங்களுக்கு ஆசை, பழி எனக்கு."

வெள்ளை ஷூ என்பது அந்த வீட்டுப் பாஷை. பிறந்த கதை வேடிக்கையானது. சோலைராசு என்பவர் பூமியில் எப்போதோ கபடி ஆடியவர். புளிப்பு மிட்டாய்ப் பொட்டலத்தோடு இலவசமாகக் கிடைத்த விளையாட்டு வீரர் அட்டையில் அவர் படம் இருந்தது. மஞ்சள் பனியன். எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போய், தொட்டுவிட்டு, திரும்பும் தறுவாயில் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்திருக்கும் படம். கண் பிதுங்க மூச்சைப் பிடித்திருப்பார். அவர் பெயரைத் தவிர அவரைப் பற்றிப் பூமியிலேயே யாருக்கும் ஒன்றும் தெரியாது. குலசேகரனின் கொள்ளுத்தாத்தா எடைக்கட்டுப்பாட்டையும் மீறிச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த அட்டை அது.

வடிவும் குலசேகரனும் முதன்முதலில் பேசிக்கொண்டதே அதைப் பற்றித்தான். பாசித் தொட்டி ஆலையின் கான்டீன். அவன் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் பெருமையாக நீட்டினான். அவள் உற்றுப்பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கபடி ஆடுறவரு ஷூல ஒரு பொட்டு மண்ணு இல்லையே. ஆட வந்தாரா, ஆட்டம் பாக்க வந்தாரா?" அவன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அந்த ஒரு சிரிப்பில் கல்யாணமே முடிவாகிவிட்டது என்று பின்னாளில் இருவரும் சொல்வார்கள். அதிலிருந்து யார் பூசி மெழுகிப் பேசினாலும் 'வெள்ளை ஷூ போடாதே' என்பதுதான் பேச்சு.

ஆனால் தீப்பிடித்த நாளில் அந்த அட்டையும் குலசேகரனின் சட்டைப்பையில்தான் இருந்தது. அதன் அடிப்பாகம், முழங்காலுக்குக் கீழே, கருகிப்போனது. மீண்டு வருகிறவரின் கண்ணில் பழைய பொருள்கள் பழையபடியே பட வேண்டும் என்பதற்காக வீட்டுச் சாமான்களையும் மீட்பகமே சீர்செய்து கொடுக்கும். அட்டையையும் சீர்செய்தார்கள். அச்சு அசல் பழையபடி, வெள்ளை ஷூ உட்பட. குலசேகரனுக்கு இதுநாள்வரை அது தெரியாது.

சிக்கல் அங்கேதான். கலிஸ்டோவில் மனிதர்களுக்கு மௌனச் சட்டம் இருந்ததைப்போலப் பொருள்களுக்கு உண்மைச் சட்டம் இருந்தது. பூமிப் பொருள் ஒன்றை ஏலத்தில் விற்பவர், அதில் எந்த இடம் பிற்காலத்தது, எப்போது சீர்செய்தது, ஏன் செய்தது என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்பைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். மறைத்தால் குடும்பத்தோடு அடியடுக்கில், பம்பு அறைகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். போலி ஒன்று நுழைந்தால் பூமியே போலியாகிவிடும் என்று அந்த ஊருக்கு அவ்வளவு பயம்.

அறிவித்தால், 'எப்ப எரிஞ்சது?' என்று குலசேகரன் கேட்பான். மூன்றாம் சுரங்கத் தீயில் என்றால், 'அப்ப நான் எங்க இருந்தேன்?' என்று கேட்பான். நூலின் நுனி அவன் கையில் கிடைத்துவிடும். பிறகு இழுக்க எவ்வளவு நேரமாகும்?

வடிவு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். கொள்ளுத்தாத்தா ஆத்மா மன்னிக்காது என்றாள். ஜன்னல் வீட்டில் குளிர் அதிகம் என்றாள். தனக்கு வியாழனைப் பார்த்தால் தலைசுற்றும் என்றாள். அவன் எதற்கும் மசியவில்லை.

"அப்ப நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். நீங்க ஆலைக்குப் போங்க" என்று அட்டையை எடுத்தாள்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்? நான் லீவு சொல்லிட்டேன். நீ இரு" என்று அவன் மறுமுனையைப் பிடித்தான்.

"அலைச்சல் என்ன அலைச்சல்? மேலடுக்கு லிஃப்ட்ல ஏறுனா ஏலக்கூடம்."

"அங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க, வடிவு."

"கேட்டா எனக்கு வாயில்லையா?"

ஒரு மிட்டாய் அட்டைக்காக இருவரும் வாசலில் நின்று இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் இருவருமாகப் புறப்பட்டார்கள். லிஃப்டில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஜன்னல் ஆசையில் பதற்றப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

ஏலக்கூடத்தின் வாசலில் பக்கத்து வீட்டுப் பரக்கத் அண்ணன் ஒரு பழைய ஹாக்கி மட்டையை மடியில் வைத்துக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? விக்க வந்தது அட்டையையா, ஆளையா?"

"ஆளை யாருண்ணே வாங்குவா?"

"அதுவும் சரிதான். வாங்கினவனுக்கு ரிப்பேர் பாத்தே ஆயுசு போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். குலசேகரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வடிவு அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதிப்பீட்டு அறைக்குள் மனிதர்கள் யாரும் கிடையாது. மதிப்பன் என்று அழைக்கப்பட்ட இயந்திரம் ஒன்றுதான். நீண்ட கழுத்தும், அதன் நுனியில் ஒற்றை விளக்கும் கொண்ட அது அட்டையின்மேல் குனிந்து மெதுவாக நகர்ந்தது. மஞ்சள் பனியன், வளைந்த முதுகு, தொடை. முழங்காலுக்குக் கீழே வந்ததும் விளக்கு நின்றது.

"இங்கிருந்து கீழே பூமித்தாள் இல்லை. பாசித்தாள் இருக்கிறது. எப்போது, எதனால் சீர்செய்யப்பட்டது என்பதை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும்."

"எண்ணெய் கொட்டிருச்சு" என்றாள் வடிவு.

"டீ கொட்டிருச்சு" என்றான் குலசேகரன்.

இருவரும் ஒரே நொடியில் சொன்னார்கள். வடிவு திரும்பிப் பார்த்தாள். அவன் திகைத்திருக்க வேண்டும். 'பாசித்தாளா? எப்ப மாத்துனாங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். அதற்காக அவள் லிஃப்டிலேயே பதில் தயாரித்து வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவனும் ஒரு பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

"எண்ணெயும் இல்லை, தேநீரும் இல்லை" என்றது மதிப்பன். "விளிம்பில் கரி இருக்கிறது. இது தீ."

குலசேகரன் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை வடிவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடித் தம்ளரைக் குழந்தை தூக்கும்போது தாய்க்கு வரும் பார்வை. ஐந்து ஆண்டுகளாக அவள் அவனைப் பார்த்துவருவது அதே பார்வைதான். அதை அவள் வெளியிலிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

மதிப்பனுக்குப் பார்வைகளைப் பற்றி அக்கறையில்லை. "மேலும், சீரமைப்பில் பிழை இருக்கிறது" என்று தொடர்ந்தது. "இதே அட்டையின் வேறு இரண்டு படிகள் பூமியில் உள்ளன. காண்க."

எதிர்ச்சுவரில் சோலைராசு பெரிதாக எழுந்தார். அதே பனியன், அதே வளைவு, அதே பிதுங்கிய கண். கீழே ஷூ இல்லை. வெறுங்கால். கணுக்கால்வரை அப்பிய செம்மண். விரித்து ஊன்றிய விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. சுண்டுவிரல் நகம் பெயர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"பூமியில் வெறுங்காலோடு விளையாடியிருக்கிறார்கள். உறைதரையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைச் சீர்செய்திருக்க வேண்டும். கால் என்றால் ஷூ என்று அவர் நினைத்துவிட்டார். தன் சொந்தக் காலையே அவர் தரையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்."

வடிவு அந்தச் செம்மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வரப்பார்த்தது. பிறகு கான்டீன் நினைவுக்கு வந்தது.

கபடி ஆடுறவரு ஷூல ஒரு பொட்டு மண்ணு இல்லையே.

அவள் அப்படிக் கேட்டது கல்யாணத்துக்கு முன்னால். அட்டை எரிந்தது கல்யாணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின்னால். கேட்டபோது அந்த அட்டையில் ஷூவே கிடையாது. மண் மட்டும்தான் இருந்தது. மறதி என்றால் இருந்ததை அழிக்கும். இல்லாத ஷூவை வரைந்து, அதற்கு ஒரு கேலியை எழுதி, அவன் மூக்கு வழியாக டீயை வரவழைக்காது. அப்படியானால் அந்தக் கான்டீனை நெய்தவர்கள் சீர்செய்த அட்டையைப் பார்த்து நெய்திருக்கிறார்கள். அவனுக்குள் நெய்தார்கள், சரி. எனக்குள்?

அவள் தன் இடது காதின் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாதுதான். அதற்காகத்தானே அப்படி அமைத்திருக்கிறார்கள். முடிச்சு இல்லாதவளுக்கும் ஒன்றும் இருக்காது, முடிச்சு இருப்பவளுக்கும் ஒன்றும் இருக்காது. அந்த ஓர் அங்குலத் தோலுக்கு முன்னால் அவள் விரல் கதவு இல்லாத சுவரின் முன் நிற்பதுபோல நின்றது. வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பின்னந்தலையில் இறங்கும் அவன் விரல்கள் ஓர் இடத்தில் வந்து தயங்கும். அதை ஆசை என்று நினைத்திருந்தாள்.

இனிப் பிரிந்துபோக வேண்டியதுதான் என்று காத்திருந்தாள். காய்ச்சலோடு படுத்திருந்தது நிஜமா? ரெஜினா கையைப் பிடித்தது? சித்தியின் பெயர்? ஒரு நூல் அவிழ்ந்து தொங்குவதும், தன் கையே அதைத் தேடி நீளுவதும் தெரிந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஐயோ, இவரும் அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே. கான்டீன் இவருக்கும்தானே ஞாபகம் இருக்கிறது. யோசித்துவிட்டால்?

திரும்பி, "ஏங்க, உங்களுக்கு முகமெல்லாம் வேர்க்குது. உக்காருங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ உக்காரு மொதல்ல" என்றான் அவன்.

நீளப்போன கை திரும்பிவிட்டது. அவனைப் பற்றிய கவலை வந்து, அவிழ்ந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கியது. இதையும் கணக்கில் எடுத்துத்தான் நெய்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும், கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

"காரணத்தைச் சொல்ல இயலாத நிலையில்," என்றது மதிப்பன், "குடும்ப நலன் என்று குறிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்நகரத்தில் பலரும் அதையே குறிக்கிறார்கள்."

"அதையே போட்ருங்க" என்றார்கள் இருவரும்.

கூடத்தில் ஏலம் தொடங்கியது. பரக்கத் அண்ணனின் ஹாக்கி மட்டை முதலில் வந்தது. "கைப்பிடி சீர்செய்யப்பட்டது. காரணம், குடும்ப நலன்" என்று உரக்கப் படித்தார்கள். அண்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒரே பொறுமை, ஒரே இரக்கம். அடுத்து ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர். காரணம், குடும்ப நலன். அடுத்து ஓர் இறகுப்பந்து. காரணம், குடும்ப நலன். கூடத்தில் இருந்த தம்பதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், ஆதரவாகத் தோளைத் தொடுவதுமாக இருந்தார்கள். எத்தனை நல்ல ஊர் என்று புதிதாக வந்தவர் யாரும் நினைப்பார்.

சோலைராசுவின் முறை வந்தது.

"முழங்காலுக்குக் கீழே பிற்காலத்தது. ஷூ கற்பனை. காரணம், குடும்ப நலன். மற்றபடி அச்சு அசல்."

கூடம் கைதட்டியது. குறையை மறைக்காமல் சொல்லும் விற்பனையாளருக்கு எப்போதும் அங்கே மரியாதை உண்டு. யாரோ எழுந்து நின்று, இந்தக் காலத்தில் இப்படி நேர்மையான குடும்பத்தைப் பார்ப்பது அரிது என்றார். ஜன்னல் வீடு அவர்களுக்கே முடிவானது. வடிவு கைகூப்பினாள். தன்னை யாராவது இப்படி ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. இங்கிருந்து கீழே பிற்காலத்தது, இது கற்பனை, மற்றபடி அசல். அந்த மற்றபடியில் என்னதான் மிஞ்சும்? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

திரும்பும்போது லிஃப்டில் குலசேகரன் காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"அந்த மிஷின் சொன்னது தப்பு, வடிவு. அது வேற பதிப்பா இருக்கும். ஷூ போட்ட பதிப்பு தனியா, போடாத பதிப்பு தனியா அடிச்சிருப்பாங்க."

இதைத் தனக்காகச் சொல்கிறானா, எனக்காகச் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்பது கொலைக்குச் சமம்.

"ஆமாங்க. வேற பதிப்பாத்தான் இருக்கும்."

"நம்ம சோலைராசு ஷூ போட்டவருதான்."

"பின்ன? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே" என்றாள்.

'வெள்ளை ஷூ போடாதீங்க' என்று இருவரில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. இருவரும் சொல்லவில்லை. அதன்பிறகும் எப்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜன்னல் வீட்டுக்குக் குடிபோன வாரத்தின் வெள்ளிக்கிழமை. அசல் கண்ணாடிக்கு அப்பால் கரிய வானத்தில் வியாழன் பட்டை பட்டையாக அசையாமல் நின்றது. குலசேகரன் மணையை ஜன்னலுக்கு எதிரே போட்டான். வடிவு உட்கார்ந்தாள். உச்சியில் எண்ணெய் விழுந்தது.

பழைய வீட்டில் எதிரே சுவர்தான் இருந்தது. தலைக்குப் பின்னால் நிற்பவனின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இங்கே இருட்டுக் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். அவன் இரண்டு கையாலும் தட்டினான். விரல்களைப் பின்னந்தலை வழியாக இறக்கினான். அவன் கண்கள் மூடின. மார்பு அசையாமல் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பாடிப் போன ஆட்டக்காரனைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் இடது காதின் பின்னால் எதையோ தொட்டான். பிறகு மெல்ல மூச்சு விட்டான். இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டான்.

உதடுகள் அசைந்தன. அவளுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பான். ஜபம்போலத் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"வீட்ல ஒருத்தர் முழுசா இருந்தாப் போதும்."

அறுபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பூமித் தம்பதிகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து சொன்ன பதில் என்ன என்று ரெஜினாவை இனிக் கேட்க வேண்டியதில்லை. கணவர்கள் ஓர் அறையில், மனைவிகள் இன்னோர் அறையில், ஒவ்வொருவரும் மார்பில் கையை வைத்து, ஒரு பெருமூச்சோடு: நான்தான். மீட்பகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. காலங்காலமாக எல்லா வீடுகளிலும் ஓடிக்கொண்டிருந்ததை எடுத்து, ஓர் உளுந்தம்பருப்புக்குள் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"என்ன முணுமுணுக்கிறீங்க?"

அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். "ஒண்ணுமில்ல. சூடு தணியட்டும்னு சொன்னேன். தலையை ஆட்டாத."

வடிவு தலையை ஆட்டவில்லை. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் இரண்டு புதுச் சுருக்கங்கள். பாவம், எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமக்கிறானோ. இவனுக்கு மட்டும் உண்மை தெரிந்தால் தாங்குவானா?

"நல்லாத் தேய்ங்க" என்றாள். "நாளைக்கு உங்க முறை."